மோட்டார் யந்திரத் தொழிலும் நமது கிராமத்து இளைஞர்களும்

ஏர்க்கொழு தேய்ந்துபோனால் ஊர்க் கொல்லர் அதை உலையில் காய்ச்சி, ஒரு பகற்பொழுதில் தட்டிக் கூராக்கிக் கொடுத்துவிடுவார். நுகத்தடி முறிந்தால் தச்சர் அன்று மாலைக்குள் வேறொன்று இழைத்துத் தருவார். கருவியும் அதைச் செப்பனிடுவோரும் ஒரே ஊரில் இருந்தமையால் நமது முன்னோர் பருவம் தவறாமல் சாகுபடி செய்து வந்தனர். இன்று உழவுக்கு டிராக்டரும், நடவுக்கு நடவு யந்திரமும், அறுப்புக்கு அறுவடை யந்திரமும், விளைவை ஏற்றிச் செல்ல லாரியும் வந்துவிட்டன. யந்திரம் ஊருக்குள் வந்துவிட்டது. அதைச் சரிவரச் செப்பனிடத் தெரிந்தவரோ பெரும்பாலான ஊர்களுக்கு இன்னும் வந்தபாடில்லை.

இதனால் நேரும் நஷ்டத்தை விவசாயிகளுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. குறுவைக் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிடுகிறது. அச்சமயத்தில் அறுவடை யந்திரம் வயலின் நடுவே நின்றுவிட்டால், அதைப் பழுது பார்ப்பதற்கு டவுனிலிருந்து ஆள் வரும் வரையில் மேகம் காத்திராது. இரண்டு நாள் தாமதம் ஒரு போகத்து உழைப்பைச் சேற்றில் தள்ளிவிடும். ஆகவே மோட்டார் யந்திரத்தைப் பழுது பார்க்கும் வித்தையைப் பட்டணத்தாருக்குரிய தொழில் என்று எண்ணி ஒதுக்கலாகாது. கொல்லும் தச்சும் எங்ஙனம் உழவுக்கு உறுதுணையாயினவோ, அங்ஙனமே இதுவும் இக்காலத்தில் உழவுக்கு உறுதுணையான தொழிலாகும். இத்தொழிலை முறையாகக் கற்பதற்கு வேண்டிய தகுதிகள் யாவை, எங்கே, எத்தனை காலம் கற்க வேண்டும், பெற்றோரும் கிராம உத்தியோகஸ்தரும் கவனிக்கத் தக்கவை எவை என்பவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

எண்ணூர்க் கடற்கரையில் வளர்ந்த தொழில்

சென்னைக்கு வடக்கே ராயபுரத்தில் தொடங்கி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் வரையில் கடலோரமாக நீண்டு கிடக்கும் நிலப்பரப்பு, யந்திரத் தொழிலில் நம் தேசத்துக்கு முன்னோடியாக நின்ற இடங்களில் ஒன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் வருஷம் ஜூலை மாதம் 1ஆம் தேதி ராயபுரம் ஸ்டேஷனிலிருந்தே புறப்பட்டது. துறைமுகமும் ரயில் பாதையும் அருகருகே அமைந்தமையால், அயல்நாட்டிலிருந்து வரும் யந்திர உறுப்புக்களை இறக்கிப் பூட்டுவதற்கு இவ்விடம் வசதியாக இருந்தது.

1948ஆம் வருஷத்தில் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் என்னும் கம்பெனியை நிறுவினார். இங்கிலாந்திலிருந்து வந்த ஆஸ்டின் கார்களின் உறுப்புக்கள் எண்ணூரில் ஒன்றாகப் பூட்டப்பட்டன. பின்னர் அந்நாட்டு லேலண்டு கம்பெனியுடன் உடன்படிக்கை ஏற்பட்டு, லாரிகளும் பஸ்களும் இங்கே உருவாகத் தொடங்கின. 1955இல் அக்கம்பெனி அசோக் லேலண்டு என்ற பெயரை ஏற்றது. அதே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும், இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்பீல்டு கம்பெனியும் கூடி என்பீல்டு இந்தியா என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. நமது இராணுவத்தாரும் போலீஸாரும் ஏறிச் சென்ற புல்லட் மோட்டார் சைக்கிள் அங்கேயே செய்யப்பட்டது.

இவ்விரண்டு தொழிற்சாலைகளின் வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. முதலில் இவை அயல்நாட்டு உறுப்புக்களைப் பூட்டும் இடங்களாகவே இருந்தன. ஓர் உறுப்பை மற்றோர் உறுப்போடு பூட்டுவதற்குப் பலமும் சுறுசுறுப்பும் இருந்தால் போதும். அவ்வுறுப்பை இங்கேயே வார்த்து, கடைந்து, மயிரிழையினும் நுண்ணிய அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவதற்கோ பயின்ற கையும் கணக்கறிந்த மூளையும் வேண்டும். அத்தகைய தொழிலாளிகள் இங்கே பழக்கப்பட்டமையாலேயே, ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்ட பின்பும் திருவொற்றியூரில் புல்லட் உற்பத்தி நின்றுவிடவில்லை. 1977 முதல் இங்கே செய்த வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. கற்றுக் கொடுத்த தேசத்துக்கே கற்றவர் பண்டம் அனுப்பியதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுமோ!

இப்பகுதிக்கு மேற்கே செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனியார் டீசல் யந்திரங்களைச் செய்தனர். 1960இல் தோன்றிய டிராக்டர்ஸ் அண்டு பார்ம் எக்யூப்மெண்ட் என்னும் கம்பெனியின் டிராக்டர்களும் செம்பியத்திலிருந்து வெளிவந்தன. நம் வயல்களில் உழும் மாஸி பெர்குஸன் டிராக்டர்களைச் செய்வோர் இக்கம்பெனியாரே. 2001இல் எண்ணூரில் புதிய துறைமுகம் வேலை தொடங்கிற்று. 2014 முதல் காமராசர் துறைமுகம் எனப்படும் அத்துறைமுகத்தின் வழியாகக் கார்கள் கப்பலேறுகின்றன. ஆகவே யந்திரம் செய்தலும், பழுது பார்த்தலும், அவற்றை ஏற்றி இறக்குதலும் இவ்வட்டாரத்தில் ஒருங்கே நடைபெற்று வருவனவாம்.

பூட்டுவோரும் செப்பனிடுவோரும்

நமது கிராமங்களிலிருந்து ஆண்டுதோறும் பல இளைஞர்கள் இவ்வட்டாரத்துக்கும், சென்னைக்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள புதிய தொழிற்பேட்டைகளுக்கும் வேலை தேடிச் செல்கிறார்கள். அவர்களுள் ஒரு பயிற்சியும் இல்லாதவர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளாகவே சேர்கின்றனர். தொழிற்சாலையின் தொடர் வரிசையில் நிற்பவருக்கு ஒரே வேலை ஒதுக்கப்படும். காலை முதல் மாலை வரை அதே நான்கு போல்ட்டுகளை முடுக்குவதே அவர் தொழிலாகிவிடும். பல வருஷங்கள் கழித்து ஊருக்குத் திரும்பும்போது, "லாரிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்" என்று ஊரார் அவரிடம் பழுதான டிராக்டரைக் கொண்டுவந்தால், எங்கே தொடங்குவது என்று அவருக்கே விளங்காது. இஃது அவருடைய குற்றமன்று. அவருக்குத் தொழிலின் ஒரு துண்டு மட்டுமே காட்டப்பட்டது.

இதற்கு நேர்மாறாக, சாலையோரப் பட்டறையில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே எடுபிடியாகச் சேர்ந்து, ஏச்சும் பேச்சும் கேட்டு, கண்ணால் பார்த்தே தொழில் கற்ற மெக்கானிக்குகள் நம்மிடையே உளர். அவர்களுடைய கைத்திறன் மெச்சத் தக்கதே. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி இவ்வாறு வேலைக்கு அனுப்புவது சட்டத்துக்கு விரோதம் என்பது ஒருபுறமிருக்க, புதிய யந்திரங்களின் முன்பு இவ்வகைத் தேர்ச்சி மட்டும் போதுமானதாக இல்லை. காது கேட்டும் கை தடவியும் அறிந்த குற்றங்கள் போக, மின்னணுக் கருவியைக் கொண்டு மட்டும் அறியக்கூடிய குற்றங்கள் இப்பொழுது பெருகிவிட்டன.

தேர்ந்த மெக்கானிக் என்பவர், யந்திரத்தைத் திறப்பதற்கு முன்பே குற்றம் எங்கே இருக்கிறது என்று காரண காரியத்தோடு சொல்லக் கூடியவர். இக்கட்டுரையின் சாரம் இதுவே. இந்தத் திறமைக்கு முறையான படிப்பும் அப்பியாசமும் வேண்டும்.

முதற்பாடம் அளவு

தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரும் மாணவனுக்கு முதலில் எஞ்சினைக் காட்டுவதில்லை. ஓர் இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுத்து, மட்டம் பார்த்து, மூலை பிசகாமல் அராவச் சொல்கிறார்கள். பலருக்கு இது சலிப்பாக இருக்கும். கையை அடக்குவதற்கு இதுவே வழி. பின்னர் அளவு கருவிகள் வருகின்றன. வெர்னியர் காலிப்பர் மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு வரையில் அளக்கும். மைக்ரோமீட்டர் நூற்றில் ஒரு பங்கு வரையில் அளக்கும்.

இத்தனை நுட்பம் எதற்கென்று சிலர் கேட்கலாம். நில அளவையில் சங்கிலி பிசகினால் வரப்புத் தகராறு விளைவதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் நன்கறிவார்கள். எஞ்சினுக்குள் ஒரு மயிரிழை பிசகினால் விளைவது அதனினும் கொடிது. வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புகோலுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியை டாப்பெட் இடைவெளி என்பர். பல எஞ்சின்களில் இது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கேயாகும். இது குறைந்தால் சூட்டில் வால்வு முற்றும் மூடாது கருகும். மிகுந்தால் ஓசை எழுந்து பலம் குன்றும். இதைப் பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளால் அளந்து வைக்க வேண்டும்.

சிலிண்டர் தலையை மூடும் போல்ட்டுகளை முடுக்குவதும் இத்தகையதே. நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி, குறிப்பிட்ட விசைக்கு, இரண்டு மூன்று தவணைகளில் முடுக்க வேண்டும். விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சு இன்றி, "பலங்கொண்ட மட்டும்" முடுக்கினால் தலை கோணிக்கொள்ளும். காஸ்கெட் வெடித்துத் தண்ணீரும் எண்ணெயும் கலக்கும். புதிதாக ரிப்பேர் செய்த எஞ்சின் ஒரு மாதத்துக்குள் மீண்டும் பட்டறைக்கு வருவதற்குப் பலமுறை இதுவே காரணம்.

குற்றம் கண்டறியும் முறை

டீசல் எஞ்சினில் காற்றைச் சிலிண்டருக்குள் இழுத்து, அதன் கன அளவைப் பதினாறில் ஒன்று முதல் இருபதில் ஒன்று வரையாகக் குறையும்படி நெருக்குகிறார்கள். அந்நெருக்கத்தால் காற்று பழுக்கக் காய்கிறது. அதனுள் டீசலைப் புகைபோல் பீச்சினால் தானே தீப்பற்றிக் கொள்கிறது. ஆகையால் டீசல் எஞ்சினுக்கு மூன்று காரியங்கள் சரியாக இருக்க வேண்டும்: தூய காற்று, நல்ல நெருக்கம், தக்க சமயத்தில் தக்க அளவு டீசல். கோளாறு எதுவாயினும் இம்மூன்றில் ஒன்றில் தொடங்கித் தேட வேண்டுமென்று மாணவனுக்குப் போதிக்கிறார்கள்.

உதாரணமாக, சேற்றுழவின்போது டிராக்டர் கரும்புகை கக்கி, இழுவை குன்றுகிறது என்று வைத்துக் கொள்வோம். பயிலாதவர் உடனே டீசல் பம்பைக் கழற்றச் சொல்வார். பயின்றவர் முதலில் காற்று வடிகட்டியைப் பார்ப்பார். கரும்புகை என்பது டீசல் முழுவதும் எரியவில்லை என்பதன் அடையாளம். அது டீசல் மிகுதியாலும் நேரலாம், காற்றுக் குறைவாலும் நேரலாம். கதிரடித்த களத்துத் தூசியால் வடிகட்டி அடைபட்டிருந்தால் அதைச் சுத்தம் செய்வதற்கு அரைமணி நேரம் போதும். நீலப்புகை கண்டால் எஞ்சின் எண்ணெய் எரிகிறதென்றும், பிஸ்டன் வளையங்களோ வால்வு வழிகளோ தேய்ந்தனவென்றும் ஊகிக்கலாம். வெண்புகை காலைக் குளிரில் சற்று நேரம் வந்து மறைந்தால் பாதகமில்லை. எஞ்சின் சூடேறிய பின்பும் விடாது வருமாயின் டீசல் பற்றவில்லை என்றோ, சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது என்றோ ஆராய வேண்டும்.

இவ்வாறு எளியதிலிருந்து அரியதற்கும், செலவற்ற சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்கும் படிப்படியாகச் செல்வதே முறை. இம்முறை அறியாத மெக்கானிக்கின் கையில் விவசாயி, தேவையில்லாத உறுப்புக்களுக்கெல்லாம் விலை கொடுக்கிறார்.

எஞ்சின் மட்டும் கற்றால் போதாது. கிளட்ச், கியர் பெட்டி, பிரேக், டிராக்டரின் பின்புறம் கலப்பையைத் தூக்கும் எண்ணெய் அழுத்த அமைப்பு, லாரியின் காற்றுப் பிரேக், பாட்டரி, டைனமோ, ஸெல்ப் ஸ்டார்ட்டர் ஆகிய யாவும் பாடத்தில் அடங்கும். எண்ணூர் வட்டாரத்தில் வேலை செய்யும் மெக்கானிக்குகளுக்குக் கடற்காற்றின் உப்பால் ஏற்படும் துருவும் ஒரு தனிப்பாடம். துறைமுகச் சரக்கு லாரிகளில் மின்கம்பி முனைகளும் பிரேக் குழாய்களும் துருவேறும். நாகை, இராமநாதபுரம் முதலான கடலோர ஜில்லாக்களின் விவசாயிகளுக்கும் இவ்வநுபவம் புதிதன்று.

புதிய எஞ்சின்களும் யூரியாவும்

புகையால் விளையும் கேட்டைக் குறைக்கும் பொருட்டு இந்திய சர்க்கார் விதிகளைக் கடுமையாக்கினர். 2020ஆம் வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி முதல் நாடெங்கும் புதிய மோட்டார் வாகனங்களுக்கு பி.எஸ். 6 என்னும் விதி அமலுக்கு வந்தது. ஐம்பது குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023ஆம் வருஷம் ஜனவரி முதல் இதையொத்த கடுமையான விதி ஏற்பட்டது. இதனால் டீசலைப் பீச்சும் வேலை மின்னணு மூளை ஒன்றின் வசமாயிற்று. ஆங்காங்கே பொருத்திய உணர்கருவிகள் சூடு, அழுத்தம், வேகம் ஆகியவற்றை அதற்குத் தெரிவிக்கின்றன. கோளாறு நேரும்போது அது ஒரு குறியெண்ணைப் பதிந்து வைக்கிறது. மெக்கானிக் தன் சோதனைக் கருவியை வண்டியில் செருகி அவ்வெண்ணைப் படிக்க வேண்டும். அவ்வெண் குற்றத்தை முற்றும் சொல்லிவிடாது. எந்தத் திசையில் தேட வேண்டுமென்று மட்டும் காட்டும். எலி கடித்த கம்பியா, கெட்டுப்போன உணர்கருவியா என்பதை மல்டிமீட்டரால் அளந்து அவரே தீர்மானிக்க வேண்டும்.

இங்கே விவசாயிகள் அவசியம் அறிய வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. புதிய கனரக லாரிகள் பலவற்றில் புகையிலுள்ள நச்சைப் போக்க, யூரியாக் கரைசல் ஒன்றைத் தனித் தொட்டியில் ஊற்றுகிறார்கள். அதில் நூற்றுக்கு முப்பத்திரண்டரைப் பங்கு மிகத் தூய யூரியாவும், எஞ்சியது கனிமம் நீக்கிய தண்ணீருமாம். "யூரியாதானே, எருக்கடங்கில் மூட்டை இருக்கிறதே" என்று வயலுக்கு இடும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாகாது. நமது உர யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசப்பட்டிருக்கிறது. பயிருக்கு நன்மை தரும் அப்பூச்சும், உரத்திலுள்ள பிற கலப்புகளும் லாரியின் நச்சு நீக்கும் பகுதியை அடைத்து நாசமாக்கிவிடும். எண்ணூருக்கு அருகே மணலியில் செய்த யூரியாவை ஏற்றிவரும் லாரியே ஆனாலும், அதன் தொட்டிக்குள் அம்மூட்டையிலிருந்து ஒரு பிடி கூடப் போகலாகாது.

மின்சார வண்டிகளும் வந்துவிட்டன. 2025ஆம் வருஷம் ஜூன் 30ஆம் தேதி வட சென்னை வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. இவற்றில் பல நூறு வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அம்மின்சாரம் செல்லும் கம்பிகளுக்கு எச்சரிக்கையாக ஆரஞ்சு நிறம் கொடுத்திருக்கிறார்கள். தக்க பயிற்சியும் ரப்பர்க் கையுறையும் இன்றி அவற்றைத் தொடுவது உயிருக்கே அபாயம். இன்று பத்தாம் வகுப்பு முடித்துத் தொழில் கற்கப் புகும் பையன், தன் ஆயுளில் டீசல், மின்சாரம் இரண்டையும் கையாள நேரும் என்பதை நினைவில் வைத்தே படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பயிற்சி பெறும் வழி

நம் நாட்டில் தொழிற்பயிற்சித் திட்டம் 1950இல் இந்திய சர்க்காரால் தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டில் சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையங்கள் வட சென்னை உட்படப் பல இடங்களில் உள்ளன. அவற்றில் நம் விஷயத்துக்குரிய பிரிவுகள் வருமாறு:

மோட்டார் வாகன மெக்கானிக்: இரண்டு வருஷம். பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். கார், லாரி, எஞ்சின், அடிச்சட்டம், மின் அமைப்பு யாவும் அடங்கும்.

டீசல் மெக்கானிக்: ஒரு வருஷம். எஞ்சினே பிரதானம். பம்புசெட்டு, ஜெனரேட்டர், டிராக்டர் எஞ்சின் ஆகியவற்றைப் பழுது பார்க்க விரும்புவோருக்கு ஏற்றது.

டிராக்டர் மெக்கானிக்: ஒரு வருஷம். ஊரிலேயே தங்கித் தொழில் நடத்த எண்ணுவோருக்குப் பொருத்தமானது.

மின்சார வாகன மெக்கானிக்: இரண்டு வருஷம். புதிதாக ஏற்பட்ட பிரிவு. தமிழ்நாட்டில் 71 சர்க்கார் நிலையங்களைப் புதிய யந்திரங்களுடன் திருத்தியமைக்கும் வேலை நடந்தது. மின்சார வாகனப் பயிற்சியும் அதில் சேர்ந்தது.

எல்லாப் பிரிவுகளும் எல்லா நிலையங்களிலும் இரா. விண்ணப்பிக்கும் முன் விசாரித்தல் அவசியம். சர்க்கார் நிலையங்களில் கல்விக் கட்டணம் இல்லை. 2024ஆம் வருஷ நிலவரப்படி மாதம் ரூ.750 உதவித்தொகை கிடைத்து வந்தது. சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கும் பையன்களுக்கும் மாதம் ரூ.1,000 அளிக்கும் திட்டங்கள் முறையே 2022இலும் 2024இலும் ஏற்பட்டன. பெண்களுக்கு இடங்களில் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. இத்தொழில் பெண்களுக்கு ஏற்றதன்று என்ற எண்ணம் இனிச் செல்லாது. எண்ணூரில் தோன்றிய அதே அசோக் லேலண்டு கம்பெனி, தன் ஓசூர்த் தொழிற்சாலையில் பெண்களே எஞ்சின் பூட்டும் வரிசை ஒன்றை 2023இல் ஏற்படுத்தியது.

முடிவில் அகில இந்தியத் தேர்வு நடைபெறும். அதில் தேறியவருக்குத் தேசியத் தொழிற் சான்றிதழ் கிடைக்கும். நாள்தோறும் தவறாது வருகை தருவது இங்கே மிக முக்கியம். நூற்றுக்கு எண்பது நாளாவது வந்தவரே தேர்வுக்குத் தகுதியுடையர். நடவுக்கும் அறுப்புக்கும் பையனை அடிக்கடி ஊருக்கு அழைத்துக் கொள்ளும் பெற்றோர் இதைக் கவனிப்பார்களாக.

சான்றிதழ் பெற்றதோடு படிப்பு முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. 1961ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டப்படி, முப்பது பேருக்குக் குறையாத ஆட்கள் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் பழகுநர்களை எடுத்துக் கொள்ள வேண்டும். இதன் வழியாகத் தொழிற்சாலைகளிலும், போக்குவரத்துக் கழக டிப்போக்களிலும் பயின்று, தேர்வெழுதித் தேசியப் பழகுநர் சான்றிதழ் பெறலாம். தொழிற்பயிற்சி முடித்த பழகுநருக்கு மாதம் ரூ.7,000க்குக் குறையாமல் உதவித்தொகை தரவேண்டுமென்று 2019ஆம் வருஷத்து விதிகள் வகுத்தன. இத்தொகை அவ்வப்போது திருத்தத்துக்கு உரியது. நிலையத்தில் கற்றது எழுத்தென்றால், பழகுநராக இருந்து கற்பது வாக்கியம் எனலாம். நாளொன்றுக்குப் பல வண்டிகள் வரும் இடத்தில் ஒரு வருஷம் பழகியவரின் கண்ணும் காதும் தனித்தன்மை பெறுகின்றன.

மேற்படிப்பில் விருப்பமுள்ளோர், இரண்டு வருஷப் பயிற்சியை முடித்தபின் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேர்ந்து டிப்ளமா பெறலாம். அதற்கு அப்பால் பொறியியல் பட்டமும் உண்டு. 1949இல் ஸ்ரீ சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனப் பொறியியல் தொடக்க காலத்திலேயே பாடமாயிற்று. விவசாய யந்திரங்களில் மட்டும் குறுகிய காலப் பயிற்சி வேண்டுவோருக்கு, ஆந்திர தேசத்து அனந்தபூர் ஜில்லா கார்லதின்னேயில் மத்திய சர்க்காரின் பண்ணை யந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் இருக்கிறது. பட்டறையில் பல்லாண்டு உழைத்தும் சான்றிதழ் இல்லாதவர்களின் அநுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறையும் ஏற்பட்டிருக்கிறது.

உயிர்க் காவல்

தொழில் கற்கும் பையனுக்கு ஸ்பானரைப் பிடிக்கக் கற்பிக்கும் முன் சில கட்டளைகளைக் கற்பிக்க வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டியின் கீழ், உறுதியான தாங்கி வைக்காமல் நுழையலாகாது. ஓடுகின்ற டிராக்டரின் பி.டி.ஓ. தண்டினருகே வேஷ்டியோடும் தொங்கும் துண்டோடும் நிற்கலாகாது. அது துணியைச் சுற்றி ஆளையே இழுத்துவிடும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. பாட்டரியின் அருகே பீடி, நெருப்பு ஆகா. புதிய டீசல் எஞ்சின்களில் டீசல் குழாயின் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது. ஆகவே கசிவைக் கைவிரலால் தடவிப் பார்க்கலாகாது. ஊசிபோற் பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்புகுந்து, கையையே எடுக்க நேரும் நிலையை உண்டாக்கிவிடும். இக்கட்டளைகளைப் பண்ணை டிரைவர்களுக்கும் சொல்லி வைப்பது நலம்.

பெற்றோரும் கிராம உத்தியோகஸ்தரும் செய்யத் தக்கவை

முதலாவதாக, பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானவுடனே விண்ணப்பம் செய்ய வேண்டும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் முதலியவற்றை முன்னரே சேகரித்து வைப்பது நலம். கிராம நிர்வாக அலுவலர்கள் அச்சமயத்தில் சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கான விசாரணைகளைத் தாமதமின்றி முடித்து அனுப்பினால், ஓர் ஏழைப் பையனுடைய ஒரு வருஷம் வீணாகாது.

இரண்டாவதாக, போலி நிலையங்களிடம் ஏமாறலாகாது. மூன்று மாதத்தில் முழு மெக்கானிக் ஆக்குவதாகவும், அயல்நாட்டு வேலை வாங்கித் தருவதாகவும் துண்டுப் பிரசுரம் கொடுப்போர் பலர். ஒரு தனியார் நிலையத்தில் பணம் கட்டுமுன், அது இந்திய சர்க்காரின் தொழிற்பயிற்சி இயக்ககத்தால் அங்கீகரிக்கப்பட்டதா, எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் உண்டு, எத்தனை மாணவருக்கு எத்தனை எஞ்சின்கள் அங்கே இருக்கின்றன என்பவற்றை நேரில் சென்று பார்த்தறிய வேண்டும். கரும்பலகை மட்டும் இருந்து எஞ்சின் இல்லாத நிலையம், மாடில்லாத தொழுவம் போன்றதே.

மூன்றாவதாக, ஆங்கிலமும் கணக்கும். யந்திரத்தோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பையன் அவற்றைத் தட்டுத் தடுமாறியேனும் படித்துப் பொருள் கொள்ளவும், பின்னக் கணக்கும் தசாம்சக் கணக்கும் பிழையின்றிப் போடவும் பழக வேண்டும். கணக்கில் மிகவும் பின்தங்கிய பையனை, "படிப்பு ஏறவில்லை, பட்டறைக்காவது போகட்டும்" என்று அனுப்புவது தவறான யோசனை. இப்பட்டறைக்கும் படிப்பு வேண்டும்.

நான்காவதாக, நிலமுள்ள குடும்பத்தார் சிலர் இத்தொழிலைக் கையில் கறைபடும் தொழிலென்று இழிவாக எண்ணி, காணி நிலத்தை விற்றேனும் பிள்ளைக்கு ஏதேனும் ஒரு பட்டம் வாங்கித் தர முயல்கின்றனர். பட்டம் பெற்றும் வேலையின்றிச் சும்மா இருப்போரை ஊர்தோறும் காண்கிறோம். உழவனின் கையில் சேறு படுவது இழிவாகாதபோது, மெக்கானிக்கின் கையில் எண்ணெய் படுவதும் இழிவாகாது. நிலமும் கைவிடாமல், தொழிலும் கற்ற பிள்ளை இரு கால்களில் நிற்பவன்.

ஐந்தாவதாக, பல கிராமங்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்யலாம். நாலைந்து ஊர்களில் உள்ள டிராக்டர்களையும் அறுவடை யந்திரங்களையும் கணக்கெடுத்துப் பார்த்தால், ஒரு நல்ல பட்டறைக்கு வருஷம் முழுதும் வேலை இருப்பது விளங்கும். கூட்டுறவுச் சங்கத்தாரும் ஊராட்சியாரும் ஓரிடம் ஒதுக்கி, பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவருக்குக் கருவிகள் வாங்கக் கடனுதவி பெற்றுத் தந்தால், பருவ காலத்தில் டவுனை நம்பிக் கிடக்கும் நிலை நீங்கும். அப்பட்டறையில் டார்க் ரெஞ்சு, மைக்ரோமீட்டர், மல்டிமீட்டர், குறியெண் படிக்கும் கருவி ஆகிய நான்கும் அவசியம் இருக்க வேண்டும். இவை இல்லாவிடில் கற்ற வித்தைக்குப் பலனில்லை.

ஒரு பையன் பதினாறு வயதில் பயிற்சியில் சேர்ந்தால், பத்தொன்பது இருபது வயதுக்குள் தேர்ந்த மெக்கானிக்காக வெளிவரலாம். தென்னங்கன்று காய்ப்பதற்கு நாம் பொறுக்கும் காலத்தைவிட இது குறைவானதே. இவ்வருஷம் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைகளுள் ஊருக்கு ஒருவரையேனும், ஆணாயினும் பெண்ணாயினும், இத்தொழிலுக்குத் தேர்ந்தனுப்புமாறு விவசாயப் பெருமக்களையும் கிராம உத்தியோகஸ்தர்களையும் கேட்டுக் கொள்கிறோம். நாலாவது வருஷத்து அறுவடையில் அதன் பலன் கண்கூடாகத் தெரியும்.